அலுமினியச் சீவலை உருக்காமல் ராடாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கிலோ அலுமினியக் கட்டையை சிஎன்சி மிஷினில் (கணினி ஓட்டும் வெட்டு மிஷின்) கட்டி, 400 கிராம் பாகமாக இறக்குவது எங்கள் கோவைப் பக்கம் தினசரி வேலை. மீதி 600 கிராம் சீவித் தள்ளிய துணுக்குகளாக மிஷின் ட்ரேயில், வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலண்டில் ஊறியபடி கிடக்கும். மாலையில் அதைச் சாக்கில் அள்ளி ஓரமாக வைப்போம். பழைய இரும்புக்காரர் வந்து எடைபோட்டு, ஈரத்துக்கும் எண்ணெய்க்கும் கழித்து, மனசு வலிக்கிற மாதிரி ஒரு விலை சொல்வார். மிஷினில் ஏறியபோது என்ன அலாயோ (உலோகக் கலவையோ), சாக்கில் இருப்பதும் அதே அலாய்தான். கலவையில் எள்ளளவு மாற்றம் இல்லை. அதனால்தான் அந்த விலை எனக்கு எப்போதும் உறுத்தும்.

பட்டறையில் இதை சிப்ஸ் என்போம், பழைய இரும்புக் கடையில் டர்னிங் என்பார்கள். நான் இங்கே சீவல் என்றே எழுதுகிறேன். இந்தச் சீவலை உலையில் உருக்காமல், அழுத்தி, சூடாக்கி, டை என்ற துளையுள்ள எஃகு அச்சு வழியாகப் பிதுக்கி, நேரடியாக ராடாக எடுக்கும் முறையை முதல் படியிலிருந்து கடைசிச் சோதனை வரை சொல்கிறேன். அளவுகள் எல்லாம் ஒரு சிறு பட்டறையோ பாலிடெக்னிக் ஆய்வகமோ செய்து பார்க்கக்கூடியவை.

உருக்கினால் என்ன நஷ்டம்?

கனிமத்திலிருந்து அலுமினியம் எடுக்கும்போது மின்பகுப்புத் தொட்டியில் மட்டும் கிலோவுக்கு சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கினால் புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் அளவே போதும் என்பதால் உருக்குவது நல்ல வழிதான். ஆனால் அந்தக் கணக்கு கட்டியான ஸ்கிராப்புக்குப் பொருந்துகிற அளவு சீவலுக்குப் பொருந்தாது. சீவல் மெல்லியது, எடைக்கு மேற்பரப்பு மிக அதிகம். அந்த மேற்பரப்பு முழுக்க ஆக்சைடு படர்ந்திருக்கும், அதன் மேல் எண்ணெய் வேறு. உலையில் போட்டால் உலோகத்தின் மேலே மிதந்து எரியும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் கசடாகப் போவது சாதாரணம். அதோடு உப்புப் பொடி போட வேண்டும், புகை வரும், கசடை அப்புறப்படுத்த வேண்டும். அப்புறம் வார்த்த கட்டையை ராடாக்க மறுபடியும் சூடாக்கிப் பிதுக்கத்தான் போகிறோம். அந்தக் கடைசி வேலையை மட்டும் நேரடியாகச் சீவலுக்கே செய்துவிட்டால் என்ன என்பதுதான் இந்த முறையின் யோசனை.

யோசனை பழையது. மேக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் இதற்கு 1945-லேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு போலந்தில் விரோட்ஸ்வாஃப் ஆய்வாளர்களும், ஜெர்மனியில் டார்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் வருடக்கணக்கில் உழைத்து, எந்தச் சூட்டில், எந்த டையில், எவ்வளவு அழுத்தத்தில் நல்ல ராடு வரும் என்று விரிவாக ஆராய்ந்தார்கள்.

எல்லாம் அந்தத் தோலில்தான் இருக்கிறது

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் படிகள் எல்லாம் தானாகப் புரியும். சுத்தமான இரண்டு அலுமினியப் பரப்புகளை நெருக்கி அழுத்தினால் அவை உருகாமலே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அலுமினியம் காற்றில் பட்ட நொடியே ஆக்சைடுத் தோல் போர்த்திக்கொள்கிறது. சில நேனோமீட்டர் கனம்தான், ஆனாலும் அந்தத் தோல்தான் இரு சீவல்களைச் சேரவிடாமல் நடுவில் நிற்கிறது. உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே சூட்டை வைத்து அதை ஜெயிக்க முடியாது.

அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: ஆக்சைடு உடையக்கூடியது, சூடான அலுமினியம் நீளக்கூடியது. சீவலைப் பிடித்து இழுத்தால் உலோகம் நீள, தோல் ஓடு ஓடாக வெடிக்கும். வெடிப்புகளின் இடைவெளியில் புது உலோகம் வெளியே தெரியும். அந்த நேரம் பார்த்து பலமான அழுத்தம் இருந்தால் புது உலோகமும் புது உலோகமும் சந்தித்து ஒன்றாகிவிடும். உடைந்த ஆக்சைடுத் துணுக்குகள் உள்ளேயே சிதறிக் கிடக்கும். அவை பெரிதாகக் கெடுப்பதில்லை. எண்ணெய், தண்ணீர், மண் என்று வேறு எதுவும் இடையில் இருந்தால்தான் கெடும்.

படி 1: தொட்டியிலேயே பிரித்து வையுங்கள்

என் அனுபவத்தில் ராடு நன்றாக வருமா வராதா என்பது பிரஸ்ஸில் முடிவாவதில்லை, சீவலைப் பிடிக்கும் தொட்டியிலேயே முடிவாகிவிடுகிறது. உருக்கும்போது கலவை தவறாக இருந்தால் வேறு உலோகம் சேர்த்துச் சரிசெய்யலாம். இங்கே அந்த வசதி கிடையாது. உள்ளே என்ன போகிறதோ அதுதான் வெளியே வரும்.

ஆகவே ஒரு அலாய்க்கு ஒரு தொட்டி, அதன் மேல் பெயின்டில் பெரிதாக அந்த அலாயின் எண். ஆரம்பிப்பவர்கள் 6063-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்தது 6061. இரண்டும் மென்மையாகப் பிதுங்கும். 2024, 7075 போன்ற விமான அலாய்கள் சூட்டிலும் முரண்டு பிடிக்கும். கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். வார்ப்புப் பாகங்களின் சீவலில் சிலிக்கான் அதிகம், அதையும் முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள். மிஷின் ஒரு அலாயிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ட்ரேயைத் துடைத்துவிட்டே ஆரம்பிக்க வேண்டும். இதைச் சொன்னால் ஆபரேட்டர் தம்பிகள் முதலில் சலித்துக்கொள்வார்கள். ராடைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள், அப்புறம் அவர்களே துடைப்பார்கள்.

சேர்ந்த சீவலைத் தகட்டில் பரப்பி, மேலே ஒரு காந்தத்தை மெதுவாக ஓட்டுங்கள். இரும்புத் துணுக்கு ஒன்று இருந்தாலும் அது ராடில் கல்லைப்போல உட்கார்ந்துகொள்ளும், டையையும் கீறும். உடைந்த கார்பைடு இன்சர்ட் (கருவியின் வெட்டும் முனை) துண்டுகளைக் கண்ணாலும் தேடி எடுங்கள்.

படி 2: சீவலின் வடிவம்

லேத்தில் வரும் நீளமான சுருள் தலைமுடிச் சிக்கு மாதிரி. டைக்குள் சீராக இறங்காது. மில்லிங்கில் வரும் குட்டையான சீவல் சிறந்தது. லேத் சீவல்தான் இருக்கிறது என்றால் சிப் பிரேக்கர் (சீவலை ஒடிக்கும் பள்ளம்) உள்ள இன்சர்ட் போட்டு, ஃபீடை (கருவி முன்னேறும் அளவை) கொஞ்சம் கூட்டுங்கள். துண்டு துண்டாக விழும். தகட்டுக் கத்தரியால் நறுக்கியும் சேர்க்கலாம், நேரம்தான் பிடிக்கும்.

ரொம்பப் பொடியும் ஆகாது. பொடியில் மேற்பரப்பு அதிகம் என்பதால் ஆக்சைடும் அதிகம். அதைவிட முக்கியம், கிரைண்டிங்கில் பறக்கும் அலுமினியத் தூள் காற்றில் கலந்தால் ஒரு தீப்பொறியில் வெடிக்கும். கிரைண்டிங் தூளை இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது.

படி 3: கழுவுதல், காயவைத்தல்

கூலண்ட் இல்லாமல் வெட்டக்கூடிய வேலை என்றால் உலர்வாகவே வெட்டுங்கள். பாதி வேலை மிச்சம். கூலண்டோடு வந்த சீவலை ஓட்டைத் தகட்டுக் கூடையில் இரவு முழுக்க வடியவிடுங்கள். பழைய வாஷிங் மெஷினின் ஸ்பின் தொட்டி இதற்கு அருமையாக உதவும். துணிப்பையில் கட்டிப் போட்டுச் சுழற்றினால் மிச்ச எண்ணெயில் பெரும்பகுதி வெளியேறும்.

பிறகு வெந்நீரில் மிதமான டிடர்ஜென்ட் கலந்து இரண்டு முறை அலசி, நல்ல தண்ணீரில் மூன்றாவது முறை. எண்ணெய் சீக்கிரம் போகட்டும் என்று காஸ்டிக் சோடா போட்டுவிடாதீர்கள். அது அலுமினியத்தையே கரைக்கும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். கடைசியில் கொஞ்சம் சீவலை வெள்ளைத் தாளில் வைத்து அழுத்திப் பாருங்கள். எண்ணெய்க் கறை விழுந்தால் மறுபடியும் கழுவ வேண்டியதுதான்.

காயவைப்பதில் நான் ஒருமுறை அவசரப்பட்டேன். வெயிலில் ஒரு மதியம் உலர்த்தியது போதும் என்று நினைத்து அழுத்திவிட்டேன். ராடு பளபளவென்று வந்தது, சந்தோஷமாக இருந்தது. மறுநாள் ஹீட் டிரீட்மென்ட்டுக்கு உலையில் வைத்து எடுத்தால் மேலெல்லாம் அம்மை போட்டதுபோலக் கொப்புளம். உள்ளே மாட்டிய ஈரம் சூட்டில் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாகி, உலோகத்தையே உப்ப வைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே விதி: 120 டிகிரி அடுப்பில் மெல்லிய அடுக்காகப் பரப்பி வைத்து, எடைபோட்டு, மறுபடி அரை மணி நேரம் வைத்து, மறுபடி எடைபோட வேண்டும். இரண்டு எடையும் ஒன்றாகும்வரை நிறுத்தக்கூடாது. காய்ந்த சீவலை அன்றே அழுத்திவிடுவது நல்லது.

ஈரச் சீவலை மூடி இறுக்கிய டிரம்மில் அடைத்து வைக்காதீர்கள். அதற்குள்ளும் மெதுவாக ஹைட்ரஜன் சேரும், சூடும் ஏறும்.

படி 4: குளிரழுத்தம்

இப்போது சீவலைக் கட்டையாக்க வேண்டும். 40 மி.மீ. துளையுள்ள உருளை டை, அதற்குப் பொருந்தும் பஞ்ச், ஒரு ஹைட்ராலிக் பிரஸ் போதும். டையும் பஞ்சும் ஓஎச்என்எஸ் என்ற கருவி எஃகில் செய்து, ஹார்டனிங் (சூடாக்கிக் கடினமாக்குதல்) செய்துகொள்ளலாம்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 40 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 1,257 சதுர மி.மீ. அதில் 300 மெகாபாஸ்கல் அழுத்தம் வர 377 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 38 டன் விசை வேண்டும். 50 டன் பிரஸ் தாராளமாகத் தாங்கும். கெட்டியான அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். உதிரிச் சீவலோ சுமார் 0.25 கிராம்தான். அழுத்திய கட்டையில் கெட்டி உலோகத்தின் 80 சதவீதம் வந்தால் நல்லது. அப்படியென்றால் 50 மி.மீ. உயரக் கட்டைக்கு 136 கிராம் சீவல் வேண்டும். அதை ஒரேயடியாகக் கொட்டினால் டைக்குள் 43 செ.மீ. உயரத்துக்கு நிற்கும்!

ஆகவே நாலைந்து தவணையாகப் போடுங்கள்: கொட்டு, அழுத்து, மறுபடி கொட்டு, அழுத்து. ஒரே தவணையில் அழுத்தினால் சுவர் உராய்வு விசையைத் தின்றுவிடும். மேலே இறுகி, அடியில் பொலபொலவென்று இருக்கும். ஒவ்வொரு தவணைக்கும் 27 கிராம் என்று எடைபோட்டுப் போட்டால் கட்டை சீராக வரும். அடுத்த தவணைக்கு முன் அழுத்திய பரப்பைக் கம்பி பிரஷ்ஷால் கீறிவிட்டால் அடுக்குகள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். டைச் சுவரில் வழுக்கலுக்கு ஜிங்க் ஸ்டியரேட் மெல்லிசாகத் தடவலாம். சீவலோடு எதையும் கலக்காதீர்கள்.

கட்டை கையில் எடுத்தால் உதிராமல், விளிம்பில் நகத்தால் சுரண்டினால் பெயராமல் இருக்க வேண்டும்.

படி 5: சூடாக்குதல்

6063, 6061 இரண்டுக்கும் 500 டிகிரி நல்ல இலக்கு. 40 மி.மீ. கட்டை உள்வரை சூடேற ஒரு மணி நேரம் கொடுங்கள். எல்லை எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: 6063 உருகத் தொடங்குவது 616 டிகிரியில், 6061 என்றால் 582-இல். 2024 வெறும் 502 டிகிரியிலேயே தொடங்கிவிடும், 7075 இன்னும் சீக்கிரமாக 477-இல். அலாய் தெரியாத சீவலை 500 டிகிரியில் வைப்பது ஆபத்து என்பதற்கு இதுவே காரணம். டையில் பிதுங்கும்போது உராய்வால் இன்னும் சில பத்து டிகிரி ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உலையின் மீட்டரை மட்டும் நம்பாமல், ஒரு தெர்மோகப்பிளை (சூடு அளக்கும் கம்பி) கட்டைக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். எங்கள் உலையில் கதவோரத்துக்கும் நடுவுக்கும் 25 டிகிரி வித்தியாசம் இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

படி 6: பிதுக்குதல்

முறுக்கு உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள், அமைப்பு அதேதான். கன்டெய்னர் என்ற கனத்த உருளை, அடியில் டை, மேலிருந்து தள்ளும் ராம். மூன்றும் எச்-13 சூட்டுவேலை எஃகில் இருக்க வேண்டும். கன்டெய்னர் துளை 41 மி.மீ., வெளிச்சுற்று அதைப்போல மூன்று மடங்கு. வெளியே பேண்ட் ஹீட்டர் (சுற்றிக் கட்டும் மின்சூடேற்றி) மாட்டி, கன்டெய்னரையும் டையையும் 450 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே கட்டையை இறக்குங்கள். குளிர்ந்த டையில் சூடான கட்டையை வைத்தால் பரப்பு விறைத்து, ராம் பாதியில் நின்றுவிடும்.

இந்தப் படியில்தான் ஆக்சைடுத் தோல் உடைகிறது, ஆகவே டைத் துளையின் அளவுதான் எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. 41 மி.மீ. கட்டையை 8 மி.மீ. ராடாக்கினால் குறுக்குப் பரப்பு 26 மடங்கு சுருங்குகிறது. சீவலும் அதே அளவு நீள்கிறது. இந்த விகிதம் 20-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசை மிச்சமாகட்டும் என்று 15 மி.மீ. ராடு எடுத்தால் பார்க்க ராடு மாதிரி இருக்கும், வளைத்தால் கரும்பைப் பிளந்ததுபோல நார் நாராகப் பிரியும். கணக்குப்படி இந்த அளவுக்கு 33 டன் அளவில் விசை வேண்டியிருக்கும். தொடக்க உச்சத்தையும் சேர்த்து 50 டன் பிரஸ்ஸில் செய்யுங்கள்.

ராம் வேகம் நொடிக்கு 1 மி.மீ. அளவில் இருக்கட்டும். வேகம் கூடினால் சூடு ஏறி, ராடின் மேல் மீன் செதில்போலக் குறுக்குக் கிழிசல்கள் விழும். சுவரில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். அது கட்டைக்குள் புகுந்து ஒட்டலைக் கெடுக்கும். டை முகத்தில் மட்டும் போரான் நைட்ரைடு ஸ்பிரே மெல்லிசாக அடிக்கலாம்.

கட்டை முதலில் 50 மி.மீ.யிலிருந்து 38 மி.மீ.க்குச் சுருங்கும், காலி இடமெல்லாம் அடைபடும் நேரம் அது. பிறகுதான் ராடு வெளியே வரத் தொடங்கும். முதல் 10 செ.மீ. சரியாக நீளாத உலோகம், வெட்டி ஒதுக்குங்கள். கடைசி 10 மி.மீ. கட்டையையும் தள்ளாமல் விட்டுவிடுங்கள்; ஓர அழுக்கெல்லாம் அங்கேதான் சேரும். 136 கிராம் சீவலில் 60 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக நல்ல ராடு தேறும். ஒதுக்கியதைத் தூக்கிப்போட வேண்டாம், அது கட்டியான ஸ்கிராப். உருக்குபவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்.

தட்டையான டையில் ராடின் நடுப்பகுதி ஓரத்தைவிடக் குறைவாகவே உருமாறும். டார்ட்முண்டில் இதற்காகவே, ஓட்டத்தைப் பல கிளையாகப் பிரித்து மறுபடி சேர்க்கும் போர்ட்ஹோல் டையைப் பயன்படுத்தி, வார்த்த கட்டையிலிருந்து எடுத்த ராடுக்கு ஈடான வலிமையைக் காட்டினார்கள். ஜன்னல் பிரேமுக்குக் குழாய் பிதுக்கும் ஆலைகளில் இருப்பது அந்த டைதான். விசை நிறைய வேண்டும் என்பதால் முதல் முயற்சிக்குத் தட்டை டையே போதும்.

பிரஸ்ஸுக்கு முன்னால் கனத்த தகட்டுத் தடுப்பு இல்லாமல் ஒரு முறைகூட இயக்காதீர்கள். 30 டன் விசையில் டை விரிசல் விட்டால் துண்டு தோட்டாவாக வரும். ராடு வெளிவரும் பாதைக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது.

படி 7: சோதனை

பளபளப்பை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று கொப்புளக் கதையிலேயே சொல்லிவிட்டேன். நான் செய்யும் சோதனைகள் நான்கு.

முதலில் அடர்த்தி. ஒரு துண்டைக் காற்றில் எடைபோட்டு, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டும் எடைபோடுங்கள். காற்று எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி. 2.70 வர வேண்டும். 2.67-க்குக் கீழே போனால் உள்ளே ஒரு சதவீதத்துக்கு மேல் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து வளைப்பு: 8 மி.மீ. ராடை 24 மி.மீ. பின்னைச் சுற்றி வளையுங்கள். வெளி வளைவில் நீளவாட்டில் கோடு திறந்தால் சீவல்கள் சரியாக ஒட்டவில்லை. மூன்றாவதாக ஒரு துண்டை 530 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். கொப்புளம் வந்தால் காயவைத்ததில் குறை. கடைசியாக, குறுக்கே வெட்டி, எமரியில் தேய்த்து, நீர்த்த காஸ்டிக் சோடாவில் சில நிமிடம் முக்கிப் பாருங்கள் (கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் கட்டாயம்). ஒட்டாத சீவல் எல்லைகள் கருங்கோடுகளாகக் காட்டிக்கொடுக்கும்.

நாலும் தேறினால் சோதனைக்கூடத்தில் இழுவிசைச் சோதனைக்குக் கொடுக்கலாம். வலிமை கூட்ட வழக்கமான டி6 முறைதான்: 530 டிகிரியில் வைத்து, தண்ணீரில் சட்டென்று குளிர்வித்து, 175 டிகிரியில் 8 மணி நேரம் முதிரவிட வேண்டும்.

எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது

கைப்பிடி, ஸ்பேசர், புஷ், ஜிக் பாகங்கள், மாணவர்களின் லேத் பயிற்சிக்கான ராடு என்று தாராளமாகப் பயன்படுத்துங்கள். பாரம் தூக்கும் கொக்கி, வண்டியின் பிரேக், ஸ்டியரிங் பாகங்கள், பிரஷர் தாங்கும் எதற்கும் வேண்டாம். ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்டு, தரம் மாறாமல் வருகிறது என்று நிரூபிக்கும்வரை அந்தப் பக்கம் போகவே கூடாது. வெல்டிங்கும் சிக்கல்தான்; உலோகம் உருகும் இடத்தில் உள்ளே இருக்கும் மிச்ச வாயு ஊதி, ஓட்டை விழும்.

மற்ற உலோகங்களுக்கு இதே வழி செல்லுமா என்று கேட்பவர்கள் உண்டு. வார்ப்பிரும்புச் சீவல் பிதுங்காது; அதை அழுத்திக் கட்டியாக்கி உலைக்கு அனுப்புவதோடு சரி. மெக்னீசியச் சீவலை இப்படிப் பிதுக்கி ஜப்பானில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள், ஆனால் அது எளிதில் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றினால் கொழுந்துவிடும். காய்ந்த மணலும் பயிற்சியும் இல்லாமல் தொடவே கூடாது. டைட்டானியச் சீவலை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் அச்சுக்குள் மின்சாரம் பாய்ச்சி, சூடும் அழுத்தமும் சேர்த்துக் கட்டியாக்குகிறார்கள். அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் டையையே சுழலவிடுகிறார்கள். சுழற்சியே சூட்டையும் தருகிறது, ஆக்சைடையும் அரைத்துத் தள்ளுகிறது. தனி உலையே வேண்டாம். நம் ஊர்ப் பட்டறைகளுக்கு ஒருநாள் வர வேண்டும் என்று நான் ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்கும் முறை அதுதான்.

இன்னொன்று. நீங்கள் எடுத்த ராடையே லேத்தில் கட்டி வேலை செய்தால் அதிலிருந்தும் சீவல் வரும். அதைப் பழைய தொட்டியில் கலக்காதீர்கள். முதல் சுற்றின் ஆக்சைடுத் துணுக்குகள் ஏற்கெனவே அதற்குள் இருக்கின்றன. இரண்டாம் சுற்றில் இன்னும் சேரும். தனித் தொட்டியில் போட்டு, அலாய் எண்ணுக்குப் பக்கத்தில் ‘2-ஆம் சுற்று’ என்று எழுதி வையுங்கள்.